தலை வழித்த படி

மலைக்காரர்களுக்குக் கொடுக்கத் தெரியும், விற்கத் தெரியாது என்று கீழ்நாட்டில் ஒரு பேச்சு. இப்போதுகூட எங்கள் வளப்பூர் நாட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கி, நாற்காலி போட்டு, வியாபாரம் சொல்லித் தருகிறோம் என்கிறார்கள். சொல்லித் தரட்டும். சாமைக்கும் மிளகுக்கும் நல்ல விலை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் "உங்க சனத்துக்கு யாவாரமே தெரியாதுங்க" என்று ஆரம்பித்தால், முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவேன். என் அத்தையைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அத்தை என் அப்பாவோடு பிறந்தவள். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் திரும்பி வந்து, எங்கள் காட்டில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தனியாகச் சாமை விதைத்தாள்.

அப்போது எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அறுவடை முடிந்ததும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்குவோம். இறங்குகிற இடத்திலேயே, ஓடைக்கரை மரத்தடியில், ஒரு வியாபாரி சாக்கை விரித்து அதன்மேல் படியை வைத்துக்கொண்டு நிற்பார். சந்தை அதற்கும் அப்பால். எங்கள் ஆட்கள் யாரும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

எங்களில் தானியத்தைக் கோபுரம் கட்டித்தான் அளப்பது. படி நிறைந்து, குவிந்து, ஓரத்தில் சரிந்து வழிய வேண்டும். வழிந்ததும் வாங்குகிறவருக்கே. படியின் தலையைக் கையால் வழித்துச் சமமாக அளப்பது சாவு வீட்டில் மட்டும்தான். வியாபாரிக்கும் அப்பா அப்படித்தான் கோபுரம் கட்டுவார். வழிந்தது அவர் சாக்கோடு போகும். பதிலுக்கு அவர் உப்பு அளந்து தருவார், அது மட்டும் கீழ்நாட்டு வழக்கப்படி, தலையைச் சுத்தமாக வழித்துவிட்டு. "நம்ம கை தாராளக் கை" என்று பெருமையோடு அப்பா மலை ஏறுவார். தாராளம் ஒரு பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரு வருசம் அத்தை, "நான் சந்தையிலயே போடறேன்" என்றாள். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"போ. வித்தா உம் பாடு. மூட்டையோட திரும்பி வந்தீன்னா, உன்ற துண்டுக் காட்டையும் இனி நாந்தான் பாப்பேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் அத்தை, சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே.

படியைச் சுமக்க, சின்னப் பிள்ளையான என்னைக் கூட்டிப் போனாள். மரத்தடியில் வியாபாரி கை நீட்டினார். "ஏம்புள்ள, எறக்கு மூட்டைய."

"சந்தைக்குப் போறனுங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சந்தையில உன்னைய ஆரு ஒக்கார உடுவாங்க?"

"ஒக்கார உடாட்டி நின்னுக்கிட்டே விக்கறனுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கே மூட்டையை இறக்கப் போனாலும், "இது எங்க எடம்" என்றார்கள். தலைச்சுமையோடு அத்தை சந்தையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கடைசியில் அடிவாரத்துக் குடியானவச்சி ஒருத்தி, சொந்தக் காட்டுக் கத்திரிக்காயைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தவள், தன் கூடையை நகர்த்தினாள்.

"ஏஞ்சாமி, கழுத்து ஒடிஞ்சு போகும். இப்பிடி வா."

பக்கத்தில் வெங்காயம் விற்றவர் எகிறினார். "மலைக்காரிய ஒக்கார வெச்சா நாளைக்கு மலையே எறங்கி வரும், பாத்துக்க."

"வரட்டுமே. எம்பட சாக்கு, நான் பாதிய மடிக்கறேன். உனக்கெங்க நோவுது?"

உட்கார்ந்துவிட்டோம். ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. மரத்தடி வியாபாரியும் பின்னாலேயே சந்தைக்கு வந்து, எங்கள் கண்ணெதிரில் நடந்து, "மலைச் சாமை, கல்லுப் பொறுக்கவே பொழுது போயிரும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். வெயில் உச்சிக்கு வந்தது. எனக்கு அந்தத் துண்டுக் காடு கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

அத்தை கத்திரிக்காய்க்காரியிடம் முறம் வாங்கினாள். ஒரு படி சாமையைக் கொட்டிப் புடைத்து, நடுவழியில் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"இதுல ஒரு கல்லு எடுத்துக் குடுங்க. மூட்டையத் தூக்கிக் குடுத்துட்டு வெறுங்கையோட மலை ஏறறேன்!"

கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்கு முறத்தில் கைவிட்டுத் தேடினார்கள். வெங்காயக்காரரும் ஆசையோடு தேடினார். கல் அகப்படவில்லை. கத்திரிக்காய்க்காரி முதல் போணி செய்தாள். அத்தை கோபுரம் கட்டி அளந்தாள். சரிந்து வழிந்ததையும் கூட்டி அள்ளி அவள் மடியில் போட்டாள். அதைப் பார்த்த பெண்கள் விடுவார்களா? மூட்டை மளமளவென்று இறங்கியது.

அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது வியாபாரி வந்து நின்றார். மரத்தடியை விட்டு வந்தவருக்கு வெறும் சாக்கோடு ஊர் போக மனமில்லை. "செரி, செரி, மிச்சத்த எனக்கு அள" என்றார்.

அத்தை படியை நிறைத்தாள். கோபுரம் எழும்பியது. பிறகு புறங்கையை வைத்து, அவசரப்படாமல், ஒரே இழுப்பாகத் தலையை வழித்தாள்.

நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வியாபாரி ஓரடி பின்வாங்கினார். "ஏம்புள்ள, இதென்ன சாவு ஊட்டு அளவு?"

"நீங்க உப்பு அளக்கற அளவுதானுங்க. வேணும்னா எடுத்துக்கங்க, வேண்டாட்டிப் போங்க."

அவர் எடுத்துக்கொண்டார்.

மலை ஏறும்போது நான் அழுதுகொண்டே வந்தேன். "ஆரு அத்தை சாகப்போறாங்க?" என்று கேட்டேன். "ஆருமில்ல கண்ணு, நட" என்று சிரித்தாள். நான் நம்பவில்லை. யாருக்கு வழித்து அளந்தாளோ அவர்தான் சாகப்போகிறவர் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் அப்பா காலிச் சாக்கைப் பார்த்தார், உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

அடுத்த சந்தைக்கு அப்பாவே மூட்டையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் எங்கள் ஊர்ச் சனம் வரிசையாக இறங்கியது. நான் முன்னால் ஓடினேன், மரத்தடி வெறிச்சென்று கிடக்கும் என்று. வியாபாரி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். வெற்றிலைகூட மென்றுகொண்டிருந்தார்.

"நல்லாருக்கீங்களா? வாரமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அப்பா மூட்டையை இறக்காமல் நடந்தார். பின்னால் வந்தவர்களும் அதையே சொல்லி, அப்படியே நடந்தார்கள். நான் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். விரித்த சாக்கு விரித்தபடி கிடந்தது. அவர் கை, கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அத்தை வழித்தது பலிக்கவே இல்லையே என்று சந்தை வரைக்கும் எனக்கு ஒரே ஏமாற்றம்.