நுஃமானும் சர்க்யூட்டில் நின்ற பங்கும்

மாலா தொலைபேசியில் சொன்ன ஒரே ஒரு சொல்லை நம்பித்தான், வயர்மேன் நுஃமான் டெஸ்டரும் கட்டிங் பிளையரும் அடங்கிய பையுடன் காமராஜர் சாலைக்குப் புறப்பட்டார்.

அன்று திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குப் பங்குத் தரகு அலுவலகத்தை அழைத்து, தம்மிடமிருந்த முந்நூறு பங்குகளையும் உடனே விற்றுவிடும்படி கூறியிருந்தார். அங்கே பணிபுரியும் மாலா, “சர்க்யூட் ஆயிடுச்சு பாய், இப்ப போவாது” என்று சொல்லிவிட்டு, அடுத்த அழைப்பை எடுக்கச் சென்றுவிட்டாள். முப்பது ஆண்டுகள் மின்கம்பிகளோடு காலம் கழித்தவருக்கு அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. தாமே போய்ச் சரிசெய்துவிட்டால் பங்கு விற்றுவிடும்.

போய்ப் பார்த்தால் விளக்குகளெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. குளிர்சாதனம் சில்லென்று காற்றை வீசியது. அவர் கையிலிருந்த பையைக் கண்டதும் மாலாவுக்குச் செய்தி விளங்கிவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நுஃமானுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகே ஒரு சிறிய கடையை அவருக்கு வாடகைக்கு விடக் கிருஷ்ணசாமி என்பவர் இசைந்திருந்தார். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் முன்பணம். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் கடை வேறொருவருக்கு. ஐம்பத்திரண்டு வயதுவரை, தேநீர்க்கடைச் சுவரில் கைபேசி எண்ணை எழுதிவைத்துத் தொழில் செய்தவர் அவர். தம் பெயரில் ஒரு பலகை வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கான சேமிப்பை ஒரு மின்விசிறி நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருந்தார். அந்நிறுவனத்தின் விசிறிகளை நூற்றுக்கணக்கில் மாட்டியவர் என்பதே காரணம். அன்று காலையில், அதன் தொழிற்சாலை எரிந்து சாம்பலாகிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை இருநூறு ரூபாயாக இருந்த பங்கு, சந்தை திறந்த சில நிமிடங்களிலேயே நூற்றெண்பதுக்கு இறங்கி நின்றுவிட்டது. நூற்றைம்பதுக்குக் கொடுத்தாலும் முன்பணம் தேறிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். மாலா அந்த விலையைத் தட்டிக் காட்டினாள். கணினி ஏற்க மறுத்தது. இந்தப் பங்கு ஒரே நாளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது என்பது விதி, அந்த எல்லையைத் தொட்டு நிற்பதைத்தான் இங்கே சர்க்யூட் என்பார்கள் என்றாள்.

“பொருளு என்னுது. கம்மி வெலைக்குக் குடுக்க எனக்குச் சம்மதம். நடுவுல தடுக்க இவங்க யாரு?”

மாலா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உழவர்கரையில் இருக்கும் அவளுடைய வீட்டுக்கு மின்கம்பி இழுத்தவர் அவர்தான்.

“எங்க ஊட்ல அடிக்கடி ஃபியூஸ் போவுது, கனமான கம்பியா போட்டுடுங்கன்னு கேட்டேனே. நீங்க என்ன சொன்னீங்க பாய்?”

நுஃமான் தலையைச் சொறிந்தார். “கம்பி தாங்கும், ஊடு தாங்காதுன்னேன்.”

“இப்ப நீங்கதான் கனமான கம்பி கேக்கறீங்க.”

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதற்றம் போன இடத்தில் ஆராய்ச்சி வந்து உட்கார்ந்தது. ஃபியூஸ் போனால் மின்சாரம் நிற்கவேண்டும் அல்லவா? இங்கே எதுவும் நிற்கவில்லையே என்றார். இந்தப் பங்கில் வணிகம் நிற்கவில்லை. விலை அதற்குமேல் இறங்குவது மட்டுமே தடைபட்டிருக்கிறது. நூற்றெண்பதுக்கு வாங்க ஆள் வந்தால், வரிசையில் முன்னால் நிற்பவருடையது முதலில் விற்கும் என்று மாலா விளக்கினாள். சந்தைக் குறியீடே பத்து விழுக்காடு சரிந்தால்தான் நாடு முழுவதும் வணிகத்தைச் சிறிது நேரம் நிறுத்துவார்களாம்.

“அது மெயின்” என்றார் நுஃமான். “இது ஒரு ரூமு. எல்லாப் பங்குக்கும் பத்துதானா?”

சிலவற்றுக்கு ஐந்து, சிலவற்றுக்கு இருபது என்று அவள் சொன்னதும், வீட்டுக்கு வீடு கம்பியின் கனத்தைக் கணக்கிட்ட யாரோ ஒருவர் அங்கேயும் இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று அவருடைய பங்கு விற்கவில்லை. செவ்வாய்க்கிழமை எல்லை நூற்றறுபத்திரண்டாக இறங்கியது. ஒன்பது மணிக்கே வந்து, அந்த விலைக்கு வரிசையில் முன்னால் இடம்பிடித்தார். பதினொரு மணியளவில் நிறுவனத்தின் அறிவிப்பு வெளிவந்தது. எரிந்தது, அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த ஒரு கொட்டகை மட்டுமே. வாங்குவோர் ஒவ்வொருவராகத் தலைகாட்டினர்.

மாலாவின் விரல் விசையின்மேல் நின்றது. “ஆர்டரை எடுத்துடட்டுமா பாய்? இனிமே ஏறும்போல இருக்கு.”

நுஃமான் திரையை உற்றுப் பார்த்தார். ஏறலாம், மறுபடி இறங்கவும் செய்யலாம். வெள்ளிக்கிழமை மட்டும் நகராது.

“வேணாம்மா. எனக்குக் கடை போதும்.”

சற்று நேரத்தில் முந்நூறும் விற்றுப்போயின. மாலையில் விலை நூற்றுத் தொண்ணூற்றைந்தைத் தொட்டது என்று கேள்விப்பட்டபோது நெஞ்சு சுருக்கென்றது உண்மைதான். ஆனால், திங்கட்கிழமை அந்தக் கணினி சரியென்றிருந்தால் நூற்றைம்பதுக்கே தள்ளிவிட்டிருப்போம் என்பதும் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணசாமியிடமிருந்து சாவியை வாங்கியவர், நேரே பலகை எழுதுபவரிடம் சென்றார். மறுவாரம் ‘நுஃமான் எலக்ட்ரிக்கல்ஸ்’ என்ற பலகை மேலே ஏறியது. அதன் அடியில், ‘ஃபியூசுக்குக் கனமான கம்பி போடுவதில்லை’ என்று ஒரு வரி இருந்தது.

அவருடைய மனைவி ஷாஹீன் அதை இருமுறை படித்தாள்.

“கடையத் தொறக்கறதுக்கு முன்னாடியே இல்லன்னு எழுதி வெச்சிருக்கீங்களே” என்றாள். “எவன் வருவான்?”

“பதறிக்கினு வர்றவன் வருவான்” என்றார் நுஃமான். “வந்தா உக்காரட்டும். அதுக்குத்தான் ரெண்டு நாற்காலி வாங்கியிருக்கேன்.”