டேங்க் இல்லாமல் வானூருக்கு

என் இடது காலில் ஒரு இரும்புக் கூடு உண்டு. காலிப்பர் என்பார்கள். போலியோவில் சூம்பிப்போன காலை நிமிர்த்தி நிறுத்துகிற கம்பியும் தோல் பட்டையும்தான் அது. முட்டிக்கு நேராக ஒரு பூட்டு. உட்காரும்போது திறந்துவிட வேண்டும், எழுந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். மரக்காணத்துக் காற்றில் எந்த இரும்பும் இரண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் ஆறு வயதிலிருந்து தினமும் காலையில் பல் விளக்கிய கையோடு அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு வருகிறேன். துருவைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2005இல் எனக்கு இருபத்தாறு வயது. வீட்டு வாசலிலேயே எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். கால் ஊனத்துக்காகக் கிடைத்த பூத். குவைத்துக்கும் துபாய்க்கும் பேச வரிசையில் நின்ற சனம் ஒவ்வொருத்தராகச் செல்போன் வாங்கிக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டது. சுனாமி அடித்த பிறகு நாலு நாள் மட்டும் பூத்தில் கால் வைக்க இடமில்லை. 'உசுரோட இருக்கோம்' என்று சொல்வதற்காகவே எல்லாரும் வந்தார்கள். அதுதான் கடைசிக் கூட்டம். அதற்குப் பிறகு பகல் முழுக்க பில் மெஷின் ஒரு தடவைகூட வாய் திறக்காத நாட்கள் வந்தன.

அந்தத் தை மாதம் வானூரில் ஒரு பத்திர எழுத்தர், கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்க ஆள் தேடுகிறார் என்று தெரிந்து அண்ணனோடு போனேன். என் வேகத்தைப் பார்த்து அவருக்குத் திருப்தி. பிறகு காலைப் பார்த்தார்.

"பத்திரம் பதியற எடம்மா இது. ஒம்போது மணிக்கு ஆள் இருக்கணும். ரெண்டு பஸ்ஸு மாறி எப்பிடி வருவ?"

"வண்டில வருவேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

சித்திரை பிறந்து வரும் முதல் திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார். அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான்.

"இன்னா வண்டிடி?"

"அப்பா வண்டி."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் அது. நூற்று எழுபத்தைந்து சிசி, டூ ஸ்ட்ரோக், நானும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே வயது. அப்பா போய் ஒன்பது வருடமாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், கிழிந்த உப்புச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. மாசி பிறந்ததும் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதாக அண்ணன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அவனும் உப்பளத்தில்தான் வேலை. பயம் வந்தால் அவனுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"அது ஆம்பள ஓட்ற வண்டி. நீ ரோட்டுல உழுந்து கெடந்தீனா நான் உப்புல நிப்பேனா, ஒன்ன வந்து தூக்குவேனா?"

"உழுந்தா நானே எந்திரிச்சிக்கறேன். நீ இரும்புக்காரனக் கூப்புடாத. சித்திர மொத திங்கக்கெழம வரைக்கும் டைம் குடு."

கொடுத்தான். ஓடாது என்கிற நம்பிக்கையில்தான் கொடுத்தான்.

எனக்கு எதையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பூத்தில் பில் மெஷின் மக்கர் பண்ணினால் ஆள் வருகிற வரைக்கும் நான் காத்திருந்ததே இல்லை. வண்டியையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என்ஜின் ஜாமாகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் காலையும் மாலையும் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை அசைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் உள்ளே ஏதோ ஒரு நூல் அளவு நகர்ந்தது. கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

பூத்தில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பட்டறை. கழற்றிய சாமான் கலந்துபோகாமல் இருக்க, பழைய டெலிபோன் டைரக்டரியில் ஊருக்கு ஒன்றாக வைத்து மூடினேன். கார்புரேட்டர் ஜெட் திண்டிவனத்தில், பிஸ்டன் ரிங் செஞ்சியில், கிளட்ச் தகடுகள் விழுப்புரத்தில். போன் பேச வந்த ஒரு அக்கா ஏதோ நம்பர் தேடி டைரக்டரியை எடுத்து உதற, செஞ்சி முழுக்கத் தரையில் சிதறியது. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் காலை நீட்டி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெல்டிங் எனக்குத் தெரியாது. அதற்கு ஈசிஆர் ஓரம் பட்டறை போட்டிருந்த பாயைப் பிடித்தேன். கோட்டக்குப்பத்துக்காரர், மரக்காணத்தில் பெண் எடுத்தவர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர் குவைத்தில் இருந்த காலத்தில் அவர் மனைவி என் பூத்துக்கு வந்துதான் அவரிடம் பேசுவார். அதனால் எங்கள் வீட்டுக்கே வெல்டிங் செட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்த வண்டிக்குக் கியர் இடது காலில். என் இடது கால் ஒரு கியரைக்கூடத் தட்டாது. பக்கத்தில் ரெண்டு சக்கரம் வைத்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். வைத்தாலும் கியரை யார் மாற்றுவது? ஆகவே கியர் மிதியை அறுத்துவிட்டு, அந்த அச்சில் ஒரு கம்பியைப் பற்றவைத்து மேலே இடது கைக்குக் கொண்டுவந்தோம். நுனியில் ஒரு மரக் குமிழ்கூட மாட்டியாயிற்று. அழகாகத்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். இடது கையால் கிளட்சைப் பிடித்தேன். கியர் போட அதே கையைத்தான் எடுக்க வேண்டும். நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"யா அல்லா! ரெண்டு பேருக்குமே மூள வேல செய்யல தங்கச்சி" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அரை நாள் யோசித்தேன். கியர் மாற்றும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடத்தான் போகிறோம். அப்படியென்றால் அந்த நேரத்தில் சும்மா இருப்பது வலது கை. கம்பியை டேங்குக்கு மேலே வளைத்து வலப்பக்கம் கொண்டுவரச் சொன்னேன். பாய் வளைத்தார். சரியாக வந்தது. அந்த யோசனை என்னுடையது என்பதில் இன்றைக்கும் எனக்குத் தலைக்கனம் உண்டு. கிக்கரை உதைக்க ஒரு வழி இருந்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, காலிப்பரைப் பூட்டி அந்தக் காலில் நின்றுகொண்டு வலது காலால் உதைத்தேன். பங்குனியில் உப்பு லாரி போகும் மண் பாதையில் ஓட்டிப் பழகினேன். மூன்று தடவை விழுந்தேன். மூன்று தடவையும் நானே எழுந்தேன். எல்எல்ஆர் வாங்கி முன்னால் சிவப்பில் 'எல்' எழுதினேன்.

டேங்க் விஷயத்தில்தான் என் தலைக்கனம் என்னைக் குப்புறத் தள்ளியது. உள்ளே துரு அடை அடையாக இருந்தது. பழைய போல்ட், நட்டெல்லாம் போட்டுக் குலுக்கச் சொன்னார் பாய். உள்ளே ஒன்று மாட்டிக்கொண்டால் யார் எடுப்பது? எங்கள் வீட்டில் பித்தளைக் குடமோ குத்துவிளக்கோ அழுக்கானால் கல்லுப்பும் புளியும்தான். கல்லுப்புக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்? கல்லும் கரகரப்பு, வேலை முடிந்தால் தண்ணீரில் கரைந்து போய்விடும். ரெண்டு படி உப்பும் புளித்தண்ணீரும் ஊற்றி, டேங்கைச் சாக்கில் கட்டி, நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். பிறகு வீட்டு போர் பம்பிலிருந்து தண்ணீர் அடித்து ஏழெட்டு தடவை அலசினேன். உள்ளே விளக்குப் போட்டுப் பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னியது. கருநீலப் பெயின்ட் அடித்து மாட்டினேன். பாய் கேட்டபோது 'நம்ம கைவேலை' என்று மட்டும் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் ஓடியது. திங்கட்கிழமைக்கு முன்னால் வந்த சனிக்கிழமை காலை, மண் பாதையின் நடுவில் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. உதைத்து உதைத்து வலது காலும் ஓய்ந்தது. ஆள் பிடித்துத் தள்ளிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, பாயை வரவழைத்தேன். அவர் கார்புரேட்டரைத் திறந்தார். அடியில் செம்மண் மாதிரி துருக் குழம்பு, அதில் வெள்ளையாக ஏதோ துகள். விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். முகம் கோணியது.

"உப்புக் கரிக்குது. டேங்க இன்னா போட்டுக் கழுவுன?"

சொன்னேன்.

"எந்தத் தண்ணில அலசுன?"

"எங்க போர் தண்ணிலதான். நல்ல தண்ணி பாய் அது."

அவர் போர் பம்படிக்குப் போய் ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றித் துப்பினார். "இது நல்ல தண்ணியா? ஒங்களுக்கு நாக்கு செத்துப் போச்சும்மா! உப்ப உப்புத் தண்ணியில அலசிருக்க. உப்பளத்துக்காரங்க வீட்டத் தவிர ஒலகத்துல எங்கியும் இந்த வேல நடக்காது."

நியாயமான பேச்சு. இருபது வருடமாகத் துருவோடு சண்டை போட்டவள் நான், என் கையாலேயே அதற்கு விருந்து வைத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் சோடா உப்புப் போட்டு அலசி, நாலு நாள் வெயிலில் காய வைத்து, உள்ளே எண்ணெய் பூசினால்தான் டேங்க் தேறும் என்றார். எனக்கு இருந்தது இரண்டு நாள்.

அண்ணன் கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கேலி பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். "வுட்ரு. வேற வேல பாத்துக்கலாம்" என்றான், மெதுவாக. எனக்கு அந்த மெதுவான குரல்தான் தாங்கவில்லை. வேற வேலை என்றால் என்ன? ஒரு ஆளும் வராத பூத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது. நாற்பது வயதிலும் அதே நாற்காலி, அதே ரோடு.

அன்றைக்கு மதியம் வரை டேங்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பாயிடம் போய்க் கேட்டேன்.

"டேங்க் எதுக்கு பாய்? கார்புரேட்டருக்கு மேல பெட்ரோல் நின்னா போதும்தான?"

"டெஸ்ட் பண்ணும்போது பாட்டில் தொங்க வுடுவோம். அதுல வானூர் போவ முடியுமா?"

"பாட்டில் வாணாம். டின்னு."

இரண்டு லிட்டர் எண்ணெய் டின் ஒன்றைக் கழுவிக் காய வைத்து, அடியில் பழைய வண்டி ஒன்றின் பெட்ரோல் திருகுக் குழாயை ஒட்டவைத்தார். டேங்க் இருந்த இடத்தில், நடுக் கம்பியின் மேல் ரெண்டு கிளாம்ப் போட்டு முடுக்கினார். ஞாயிற்றுக்கிழமை மாலை வரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எலும்பு தெரிகிற மாடு போல நின்றது வண்டி. கருநீல டேங்க் கூரை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வண்டி ஒரே உதையில் எடுத்தது.

திங்கட்கிழமை ஏழரைக்குக் கிளம்பினேன். அண்ணன் விடியலிலேயே வீட்டில் இல்லை. வழியனுப்ப மனசில்லாமல் உப்பளத்துக்குப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் நின்றாள். ஈசிஆரில் லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் கை தன் வேலையைப் பார்த்தது. கிளட்ச், வலது கை, கியர், மறுபடி ஆக்சிலேட்டர். எட்டே முக்காலுக்கு வானூரில் பத்திர எழுத்தரின் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவர் இன்னும் கதவையே திறக்கவில்லை. அன்றைக்கு ஒரு பாகப் பிரிவினைப் பத்திரமும் ரெண்டு கிரயப் பத்திரமும் அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

ஐந்தரை மணிக்கு வெளியே வந்தேன். எதிர் டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"நீ இன்னா இங்க?"

"ஒரு வேலையா வந்தேன்."

வானூரில் அவனுக்கு என்ன வேலை? டீக்கடைக்காரர் குட்டை உடைத்துவிட்டார். "காலைல மொத பஸ்ஸுல வந்தாரும்மா. ஒங்க வண்டி வர்ற வரைக்கும் ரோட்டுலதான் நின்னாரு. அப்பால இங்கியே ஒக்காந்துட்டாரு." வண்டி நின்றுவிட்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்காக அவன் நாள் முழுக்க அந்தப் பெஞ்சில் இருந்திருக்கிறான். என்னை நம்பவில்லையே என்று முதலில் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் அவன் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது.

"ஏறு" என்றேன்.

ஏறினான். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பத்தாவது முடிக்கிற வரை என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன். அந்த முதுகுக்குப் பின்னாலிருந்துதான் நான் ஊரைப் பார்த்து வளர்ந்தேன். இன்றைக்கு அவன் என் முதுகுக்குப் பின்னால். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்றான். கியர் மாற்ற வலது கையை எடுக்கும்போதெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்தான்.

மரக்காணம் நெருங்கியதும் உப்பளம் வந்தது. ரோட்டோரம் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அவன் கூட வேலை செய்கிற ஆட்கள். டேங்க் இல்லாத வண்டியில், தங்கச்சிக்குப் பின்னால் உட்கார்ந்து போவதை அவர்கள் பார்ப்பார்கள். இங்கேயே இறக்கி விடு என்பான் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன்.

காதுக்குப் பக்கத்தில் குனிந்தான். "ஹாரன் அடி."

"ஹாரன் இன்னும் மாட்டலண்ணா."

அவன் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்றான். என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையை உயரத் தூக்கி, உப்பளம் முழுக்கக் கேட்கக் கத்தினான்.

"டேய்! பாருங்கடா! என் தங்கச்சிடா!"

எனக்குக் கண்ணைக் கண்ணீர் மறைத்தது. ரெண்டு கையும் வண்டியில் இருந்ததால் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே ஓட்டினேன்.