அக்காவின் வாயில் ஏன் பால் ஊற்றவில்லை

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பை அக்காவின் கணவர், எங்கள் மாமா, என்னிடம் கொடுத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறவன் நான் என்பதே காரணம். அக்காவின் வாழ்க்கையைச் சொல்வதோடு, நம் குடும்பத்துக்குள் ஓராண்டாகச் சுற்றிவரும் ஒரு பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "பெத்த தாய்க்குக் கடைசிப் பால் ஊத்த உடாத பொண்ணு" என்று அக்காவின் மகள் சுகன்யாவைச் சொல்கிறார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பருத்திப்பட்டில். அப்பாவும் அம்மாவும் ஏரியை ஒட்டிய வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். வயல்கள் மனைகளானதும் அப்பா கட்டட வேலைக்குப் போனார். பத்தாம் வகுப்பு முடித்த அக்கா, அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனது அவருடைய சம்பளத்தில். திருமணமாகிச் சேக்காட்டுக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் தரப் பரிசோதனை மேசையில் இருந்தார். ஒவ்வொரு வாஷரையும் அளவுக் கருவியில் பொருத்திப் பார்த்து, ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ என்று இரண்டு தட்டுகளில் பிரிக்கும் வேலை. வீட்டிலும் அதே வழக்கம்தான். நான் பெண் பார்க்கப் போவதற்காகப் போட்டுக்கொண்டு வந்த சட்டையை வாசலிலேயே ரிஜெக்ட் செய்தவர் அவர்.

நாக்கின் ஓரத்தில் வந்த ஒரு புண்ணை, பல் குத்துகிறது என்று மூன்று மாதம் விட்டுவிட்டார். சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. நாக்கின் ஒரு பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. எச்சில் வற்றியது, தொண்டை வெந்தது, வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்தினார்கள். அறுபத்தோரு கிலோ இருந்தவர் நாற்பத்து மூன்றுக்கு வந்தார்.

கதிர்வீச்சு முடிந்ததும் விழுங்கும் திறனைச் சோதித்தார்கள். ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்க வைத்து, அது இறங்கும் வழியை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கெட்டியான கரைசல் உணவுக்குழாயில் இறங்கியது. தண்ணீர் போன்ற கரைசலில் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் போனது. அக்காவுக்கு இருமல்கூட வரவில்லை.

"இருமல் வரலைன்னா நல்லா எறங்குதுன்னு நினைச்சிடாதீங்கம்மா. உங்களுக்குச் சோத்தவிட தண்ணிதான் ஆபத்து" என்றார் விழுங்கும் பயிற்சி தந்த அம்மையார்.

இதை நம் வீட்டில் யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. உடம்புக்கு முடியாதவர் விழுங்கக் கஷ்டப்பட்டால் தண்ணியாகக் கொடுப்பதுதானே நமக்குத் தெரிந்த பக்குவம்? மாமாவின் தமக்கை தனம் அத்தை ஒரு நாள் இளநீரோடு வந்தார். கதிர்வீச்சு நடந்த ஆறு வாரமும் இந்த வீட்டுக்குச் சமைத்துப் போட்டவர் அவர். "வெந்த தொண்டைக்குக் குளுகுளுன்னு இருக்கும், குடி" என்றார். நாத்தனார் மனம் நோகக் கூடாது என்று அக்கா அரை டம்ளர் குடித்தார். அடுத்த மூன்றாம் நாள் நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார்.

திரும்பி வந்த அக்கா வேறு ஆளாக இருந்தார். மூக்குக் குழாயைக் காட்டி, "இத்த எடுத்துட்டு நான் வாயால சாப்புடுவேன். யார் மனசு நோவுதுன்னும் பாக்க மாட்டேன்" என்றார். குழறிய பேச்சுதான், ஆனால் புரிந்தது.

வாயைத் திறக்க வைக்கும் பயிற்சிக்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு இடையில் செருக வேண்டும். ஒன்பது குச்சியில் தொடங்கினார். கண்ணில் நீர் வழிய, வாரத்துக்கு ஒன்று கூட்டிப் பதினேழுக்கு வந்தார். கஞ்சி மாமாவின் பொறுப்பு. கேழ்வரகு, பால் பவுடர், அரைத்த வேர்க்கடலை, மேலே ஒரு கரண்டி எண்ணெய். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் ஒரே கட்டியாக விழ வேண்டும். அந்தச் சோதனையை அக்காவே செய்வார்.

"இன்னாய்யா இது, ஒழுவுது. ரிஜெக்ட்."

"நாலு தபா கிண்டிகினு கீறேன். ஊட்டுக்குள்ளயும் இன்ஸ்பெக்சனா?"

"கம்பெனில ஒண்ணு தப்பிச்சா வண்டிதான் நிக்கும். இங்க நான் நின்னுடுவேன்."

தாடையை மார்புப் பக்கம் சாய்த்து ஒரு வாய். இரண்டு முறை விழுங்கல். ஒரு செருமல். பிறகுதான் அடுத்த வாய். ஒரு கிண்ணம் முடிய ஐம்பது நிமிடம் ஆகும். நான்காம் மாதம் மூக்குக் குழாயை எடுத்தார்கள். எடை ஐம்பத்திரண்டைத் தொட்டது. சாம்பாரில் ஊறவைத்து மசித்த இரண்டு இட்லியை அவர் தன் கையால் சாப்பிட்ட காலையில், மாமா எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே வார்த்தை: "ஓகே!"

ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு அப்படிச் சாப்பிட்டார். பிறகு நோய் கழுத்தில் திரும்பி வந்து, நுரையீரலுக்கும் போனது. இனிச் சிகிச்சை இல்லை என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், அக்கா ஒரு காகிதத்தில் தாமே எழுதினார்: ‘எனக்கு நினைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாயில் பாலோ தண்ணீரோ தீர்த்தமோ ஊற்றக் கூடாது. உதட்டை நனைக்கலாம். நான் மூச்சுத் திணறிப் போக மாட்டேன்.’ மாமா, சுகன்யா, நான், மூவரும் கையெழுத்துப் போட்டோம். அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அக்காவுக்கு நினைவில்லை. மாமா அக்காவின் காலடியில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். கூடத்தில் பதினைந்து உறவினர்கள் இருந்தார்கள். தனம் அத்தை டம்ளரில் பாலோடு வந்தார். சுகன்யா கட்டிலுக்கு முன்னால் நின்றாள்.

"நவுருடி. ஒரு சொட்டு எறங்கினா உங்கம்மா நிம்மதியா போய்டுவா."

"வேணா அத்த. அம்மா வேணான்னு சொல்லிக்கீறாங்க."

"அவ எப்புடி சொல்லுவா? கண்ணே தொறக்கல. நாளைக்கு ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். பஞ்சு தரேன், ஒதட்ட நனைங்க. உள்ள ஊத்த உடமாட்டேன்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன் நைனா, நீயாவது சொல்லு."

காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் படித்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இத்தனை பேர் முன்னால் பெரியவரை மறுக்க எனக்குத் துணிவு வரவில்லை. "ஒரு சொட்டுதானே சுகன்யா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களும்தான மாமா கையெழுத்து போட்டீங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நகரவில்லை. அத்தை டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார். சுகன்யா பஞ்சைப் பாலில் தொட்டு அம்மாவின் உதட்டை நனைத்தாள். அதன்பின் இரண்டு மணி நேரம் கழித்து, திணறல் எதுவும் இல்லாமல் அக்காவின் மூச்சு அடங்கியது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் தனம் அத்தையிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். "எளநி வாங்கியாந்தது பாசத்துலதான்னு போடு" என்றார். போட்டுவிட்டேன். சற்று நேரம் கழித்து, "காயிதம் கீதுன்னு அன்னிக்கே நீ வாயத் தொறந்திருந்தா நான் ஏன்டா அந்தப் பொண்ண ஒரு வருசமா பேசிகினு இருந்திருக்கப் போறேன்?" என்று கேட்டார். அதையும் சேர்த்துவிட்டேன்.

அக்காவுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர்கள், செவிலியர்கள், விழுங்கக் கற்றுக்கொடுத்த அம்மையார், முறை போட்டுக்கொண்டு வந்து உடனிருந்த கம்பெனித் தோழிகள், வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்ட சேக்காட்டு அண்டை வீட்டார், அலுக்காமல் கஞ்சி கிண்டிய மாமா, ஆறு வாரம் சமைத்துப் போட்ட தனம் அத்தை ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்கா கேட்டதைச் செய்தது சுகன்யா. அன்று அவளைத் தனியாக நிற்கவிட்டது நான். பழிசொல்ல நினைப்பவர்கள் இனி என் பெயரைச் சொல்லுங்கள்.

இன்று பந்தியில் பரிமாறப்போவது சுகன்யா. அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு இலைக்கு வந்து உட்காருங்கள்.