முதலில் மெயின் வால்வை மூடுங்கள்

போன சனிக்கிழமை காலை, முக்கால் மணி நேரம், என் வலது கைப் பெருவிரலை ஒரு ஓட்டைக்குள் விட்டபடி நின்றேன். பொழுது போகாமல் அல்ல. விரலை எடுத்தால் எங்கள் வீட்டின் எட்டு மாதக் குடிதண்ணீர் வளவு மண்ணுக்குள் போய்விடும்.

காரைநகருக்கு வராதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். வாய்க்குள் போவதெல்லாம் மழைத் தண்ணீர். மாரியில் கூரையில் விழுவதைப் பீலி வைத்துப் பிடித்து, சமைக்கிற குசினிக்குப் பின்னால் உள்ள சீமெந்துத் தாங்கியில் சேர்த்து வைப்போம். இப்போது மாசி. இனி உருப்படியான மழை என்றால் ஐப்பசியில்தான்.

அந்தத் தாங்கியின் குழாய் சொட்டத் தொடங்கியது. பிளம்பரைக் கூப்பிடச் சொன்னார் மனைவி. கூப்பிட்டேன். நாளைக்கு வருவதாகச் சொன்னார். மூன்று வாரமாக அதே நாளைதான்.

யூடியூப் எதற்கு இருக்கிறது? ‘பிளம்பர் வேண்டாம், ஐந்தே நிமிடம் போதும்’ என்று ஒரு வீடியோ. சிரித்த முகத்தோடு ஒருவர், “நண்பர்களே, முதலில் மெயின் வால்வை மூடுங்கள்” என்றார். பழைய குழாயைக் கழற்றினார். புதியதன் புரியில் வெள்ளை டேப் சுற்றினார். பூட்டினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் மூன்று முறை பார்த்துக் குறிப்பும் எடுத்தேன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் — படிமுறைகளை மதிக்கிறவன்.

முதலாம் படிமுறையிலேயே சிக்கல். எங்கள் தாங்கிக்கு வால்வே கிடையாது. அதைக் கட்டித் தந்த தொண்டு நிறுவனத்தார் ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், தங்கள் பெயரைப் பளிங்கில் பொறித்து நாலு ஆணி அடித்து இறுக்கினார்கள். வால்வு மட்டும் வரைபடத்தோடு நின்றுவிட்டது. பெயர்ப்பலகை இன்றைக்கும் அசையவில்லை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சரி, நான் என்ன செய்தேன்? முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கினேன். பரீட்சையில் ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் சைபர் போட்டிருப்பேன். ஆனால் என் கணக்கு வேறு... கழற்றப் பத்து விநாடி, பூட்டப் பத்து விநாடி. போனால் ஒரு வாளி போகும்.

றெஞ்சைப் போட்டுத் திருப்பினேன். குழாய் கையோடு வந்தது. அது பூட்டியிருந்த இரும்புக் குழலின் முனையும் கூடவே வந்தது. உப்புக் காற்று அதை எப்போதோ தின்று முடித்திருக்கிறது. இனிப் புதிய குழாயை எதில் பூட்டுவது? தண்ணீர் நெஞ்சில் வந்து மோதியது. நான் குசினிக்கு ஓடினேன், பழந்துணி தேடினேன், கிடைக்கவில்லை, திரும்பி ஓடி வந்தேன். கடைசியில்தான் பெருவிரல் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் அழுகை வந்தது.

மனைவி பாத்திரங்களோடு ஓடி வந்தார். விரலைச் சுற்றிப் பீய்ச்சியதைக் குடம், வாளி, சோற்றுப் பானை என்று மாற்றி மாற்றிப் பிடித்தார்.

செய்தி கேட்டு அக்கம்பக்கம், ஒழுங்கையே திரண்டு வந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடுதான் வந்தார்கள். ஆலோசனை மட்டும் தாராளமாக இருந்தது. சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பலாம் என்றார் ஒருவர். தாங்கியைக் கட்டிய இடமே பிழை என்றார் ஓய்வுபெற்ற கிராம அலுவலர், எதிர்வீட்டு விதானையார். கனடாவில் இருக்கும் மனைவியின் தம்பி வீடியோ கோலில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அத்தான், எதுக்கும் முதல் இன்சூரன்ஸ்காரருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ.”

அந்தோனி அண்ணை அப்போதுதான் வந்தார். ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகிறவர். சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை கடலைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏற்றிவந்து எங்கள் பக்கம் மீன் விற்பார். ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வேலிப் பூவரசில் ஒரு கொப்பு முறித்தார். மீன் வெட்டும் கத்தியால் சீவி ஆப்பாக்கினார். கட்டியிருந்த என் சாரத்தின் ஓரத்தில், கேட்காமலே, ஒரு துண்டு கிழித்து அதில் சுற்றினார்.

“விரலை எடும் மாஸ்டர்.”

எடுத்தேன். ஆப்பை வைத்துக் கல்லால் நாலு அடி. தண்ணீர் நின்றது.

இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன்.

“வள்ளத்தில ஓட்டை விழுந்தா கடல் உள்ளுக்கு வரும். இஞ்ச உள்ளுக்கு இருக்கிறது வெளிய வருது. வேற என்ன? ஆனா ஒண்டு, நாங்கள் கடலுக்க நிண்டு ஆப்பைக் கழட்டிப் பாக்கிறேல்லை.”

ஒழுங்கை முழுவதும் சிரித்தது. விதானையார் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

பிறகு ஏணி வைத்து ஏறித் தாங்கிக்குள் தடி விட்டுப் பார்த்தேன். விளிம்பு வரை நின்ற தண்ணீர் பாதிக்குக் கீழே. ஐப்பசி வரை போக வேண்டியது ஆனி வரைகூடப் போகாது. இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை, வாசகர்களே. இனி தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியைப் பார்த்துக் குடத்தோடு வரிசையில் நிற்கவேண்டும். நிற்கப்போவது யார்? விரல் விட்டவன் அல்ல, பானை பிடித்தவர். அதுதான் எனக்கு வெட்கம்.

வீட்டு வேலையை நாங்களே செய்து பழகவேண்டும் என்று மேடையில் பேசுகிற ஆண்களைக் கவனித்திருக்கிறீர்களா? செய்வது நாங்கள். அதன்பிறகு வருவதைச் சுமப்பது இன்னொருவர். இந்தக் கடைசிப் படிமுறையை எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

கூட்டம் கலைந்ததும் மனைவி இரண்டு கோப்பைத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அந்தோனி அண்ணை ஒரு மிடறு குடித்துவிட்டு, நல்ல தேத்தண்ணி தங்கச்சி என்றார்.

என் கோப்பை கிணற்றுத் தண்ணீர். சீனியை மிஞ்சி உப்புக் கரித்தது. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்... அடிமண்டி வரை குடித்து முடித்தேன்.