வரம்பில்லாத குரல்

என் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளுக்கு இணையக் கம்பனிக்காரன் இனாமாகக் கொடுத்தது வரம்பில்லாத குரல் அழைப்பு. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு வயிறு எரிகிறது.

அவள் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி ஃபிளாட்டில் தனியாக இருந்தாள். நான் கொட்டாஞ்சேனையில், என் மனுசனோடு. கலியாண அட்டைகளையும் கோயில் நோட்டீஸ்களையும் கணினியில் வடிவமைத்து அச்சகங்களுக்கு அனுப்புவது அவளுடைய தொழில். அம்மா செத்த பிறகு எங்களோடு வந்து இரு என்று நான் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்தேன். அவள் அசையவில்லை. தன் பூட்டுத் திறப்பில் ஒரு பிரதிகூட எனக்குத் தரவில்லை. நெஞ்சில் ஒரு கையை வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் கூரை மாதிரிச் சேர்த்துக் காட்டினாள். என் வீடு. அதற்குமேல் அவளோடு யார் வாதாடுவது?

பின்னேரங்களில் நாங்கள் வீடியோவில் கதைப்போம். கைகளால்தான், ஆனால் நான் அதைக் கதைப்பது என்றுதான் சொல்வேன். வீட்டுக்குள் நாங்களே உண்டாக்கிய சைகைகளும் அவள் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவையும் கலந்த பாஷை. அதில் அவள் ஊர்வம்பு அளப்பாள், என் சமையலை நக்கலடிப்பாள், என் மனுசன் நடக்கிற நடையை அப்படியே நடித்துக் காட்டுவாள். எழுத்து அவளுக்கு அப்படி வராது. மற்றவர்கள் எழுதிக் கொடுப்பதை ஒரு பிழையில்லாமல் அட்டையில் ஏற்றுவாள். தானாக எழுதினால் வினைச்சொல்லுக்கு வால் இருக்காது. "நாளை நான் கடை போ" என்று ஒரு மெசேஜ் வரும். போனாளா, போகப் போகிறாளா, என்னைப் போகச் சொல்கிறாளா என்று நான் தலையைப் பிய்த்துக்கொள்வேன்.

முதலில் கெட்டது விரல்கள். ஒரு பின்னேரம் அவள் எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருக்க, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்தன. மழையாக்கும் என்று நினைத்தேன். அடுத்த கிழமை முகமும் கட்டங்கட்டமாக உடைந்தது. சிரிக்கிறாயா, கோபமா என்று நான் அவளிடம் கேட்டேன். அவளும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பனிக்குக் கோல் எடுத்தேன். பாட்டுப் போட்டுக் காக்கவைத்த பிறகு ஒரு பெட்டை லைனுக்கு வந்தாள்.

"மேடம், அந்த லைன்ல வீடியோதான் கூடப் போகுது எண்டு காட்டுது. ஃபெயார் யூசேஜ் அளவைத் தாண்டினா வீடியோவ மட்டும் ஸ்லோ பண்ணுவம். வொய்ஸ் கோல் அன்லிமிட்டட், அதில ஒரு பிரச்சினையும் இல்ல."

"என்ன போகுது எண்டு நீங்கள் பார்த்துக்கொண்டோ இருக்கிறியள்?"

"என்ன வகை எண்டு மட்டும்தான் மேடம்."

நாங்கள் பேசுவதை யாரோ வாசலில் நின்று நிறுத்துப் பார்த்து, இது பேச்சு இல்லை, பொழுதுபோக்கு என்று பெயர் எழுதி ஒரு பக்கத்தில் ஒதுக்கியிருக்கிறான். அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எந்த வாசலில் போய் நிற்பது?

என் மனுசனுக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற வேலை அவருக்கு. எதையும் லொறிக் கணக்கில்தான் யோசிப்பார். "இஞ்ச பாரும், ஹைவேயில காருக்கு ஒரு காசு, லொறிக்கு ஒரு காசு. வீடியோ எண்டுறது லொறி. பாதை போட்டவன் கேப்பான்தானே?"

"லொறிக்குள்ள மரக்கறியோ மாபிள் கல்லோ எண்டு பார்த்தோ காசு எடுக்கிறவன்? அவன்ர மச்சான்ர லொறியெண்டா சும்மா விடுவானோ?"

"அது வேற கதை."

"அதுதான் இந்தக் கதை!"

சோற்றுக் கோப்பையோடு எழும்பி ஹோலுக்குள் போய்விட்டார். எங்கள் வீட்டில் விவாதங்கள் அப்படித்தான் முடியும்.

ஆனால் நான் சொன்னது அப்படியே நடந்தது. கம்பனி வீடியோ பெக்கேஜ் என்று ஒன்று கொண்டுவந்தது. தங்கச்சி அன்றைக்கே எடுத்தாள். அதில் சினிமா தடங்கலில்லாமல் ஓடியது, கிரிக்கெட் ஓடியது, கம்பனியின் சொந்த நாடக ஆப் கண்ணாடிபோல ஓடியது. என் முகம் மட்டும் கட்டங்கட்டமாகவே இருந்தது. கம்பனியோடு ஒப்பந்தம் உள்ள ஆப்புகளுக்குத்தான் அந்தப் பெக்கேஜாம். வேறு கம்பனிக்கு மாறலாம் என்றால், அந்தக் கட்டடத்துக்குள் இவர்களின் கேபிளைத் தவிர வேறு எதையும் இழுக்க உரிமையாளர் விடமாட்டார். கடற்கரைப் பக்கம் புதிதாக எழும்பிய தொடர்மாடி மறைத்ததில் ஃபோனுக்கும் சிக்னல் இல்லை.

அந்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் கம்பனி வாடிக்கையாளர் சந்திப்பு வைத்தது. ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் தந்தார்கள். டியூஷன் வாத்தியார் ஒருவர் எழும்பி, காசு கட்டி வாங்கின இணையத்தில் எதைப் பார்ப்பது என்பது தன்னுடைய விருப்பம் என்று கத்தினார். பின்வரிசையிலிருந்து ஒருவர், ஊரெல்லாம் படம் பார்க்கிறதுக்குத் தான் ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று திருப்பிக் கத்தினார். இரண்டு பக்கமும் கைதட்டல். தங்கச்சி எழும்பி முன்னால் போய் நின்று கைகளால் பேசினாள். நான் பக்கத்தில் நின்று அதை வாயால் சொன்னேன்.

"எனக்கு இது படம் இல்லை. இது என்ர வாய். நீங்கள் என்ர வாயைத்தான் ஸ்லோ பண்ணுறீங்கள்."

டை கட்டிய அதிகாரி அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சொரி மேடம். சிஸ்டத்துக்கு ஆள் தெரியாது, வீடியோ எண்டுதான் தெரியும்."

"எல்லாத்தையும் ஒரே மாதிரி விடவேணும் எண்டு சட்டம் ஒண்டும் இல்லையோ?" என்று நான் கேட்டேன்.

"எங்களைத் தடுக்கிற மாதிரி ஒண்டும் இல்லை மேடம்." அதைச் சொல்லும்போது அவர் சந்தோசமாகவும் இல்லை, கவலையாகவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது தங்கச்சி கம்பனிக்கு ஒரு பெயர் வைத்தாள். தண்ணிக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறுக்குகிற சைகை. நான் காலி வீதியில், காலி நகருக்குப் போகிற அந்தப் பெரிய ரோட்டில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு சுருங்கத் தொடங்கியது. வேகமாகச் சொன்னால் கரைகிறது என்று கைகளை மெல்ல அசைத்தாள். மெல்லச் சொன்னால் பகிடி செத்துப்போகும். பிறகு பகிடியை விட்டாள், வம்பை விட்டாள். சாப்பிட்டாச்சு, வேலை முடிஞ்சுது, படுக்கப் போறன். இவ்வளவுதான் மிஞ்சியது. வாயாடி ஒருத்தி என் கண்ணுக்கு முன்னால் ஊமையாகிக்கொண்டிருந்தாள், நான் ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளே எடுத்தாள். முகம் வெளிறியிருந்த மாதிரி இருந்தது. கட்டங்களுக்குள் எதைக் கண்டுபிடிப்பது? கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள். படம் அப்படியே உறைந்துவிட்டது.

நெஞ்சில் கை. எங்கள் பாஷையில் அது 'நான்'. ஆனால் நெஞ்சு நோகிறது என்பதும் அங்கேதான் தொடங்கும். திரும்ப எடுத்தேன், எடுத்தேன், லைன் விழவில்லை. அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது: "அக்கா நான் வீடு வா".

என் வீட்டுக்கு வா என்கிறாள்! செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓட்டோவில் ஏறினேன். காலி வீதி முழுக்க வாகனம். ஒவ்வொரு சிவப்பு லைட்டிலும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த உறைந்த படம் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

நாலாம் மாடியில் கதவு பூட்டியிருந்தது. அவளுடைய பெல் சத்தம் போடாது, உள்ளே லைட்டைத்தான் மின்னவைக்கும். அமத்தினேன். கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் மின்னி மின்னி மறைந்தது. ஒரு நிழலும் அசையவில்லை. விழுந்து கிடக்கிறாள் என்றே நினைத்துவிட்டேன். "உடைங்கோ!" என்று வாட்ச்மேனைப் பார்த்துத் தமிழிலேயே குழறினேன். சிங்கள ஆள் அவர். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு இரும்புக் கம்பி எடுத்து வந்தார். பூட்டு பலகையோடு பிய்ந்து வந்தது.

உள்ளே யாரும் இல்லை. கட்டிலில் விரிப்பு மடித்து வைத்திருந்தது. அலுமாரி பாதி வெறுமை. கணினியும் இல்லை.

ஃபோன் அடித்தது. என் மனுசன். "எங்க போயிட்டீர்? உம்மட தங்கச்சி பேக்கோட வந்து இஞ்ச நிக்கிறா."

நான் வா. நான் வாறன். காலி வீதியில் எந்த இடத்திலோ நாங்கள் ஒருவரையொருவர் கடந்து போயிருக்கிறோம். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்ற நிம்மதியில் அந்த வெறும் கட்டிலில் இருந்து அழுதேன். பிறகுதான் உடைந்த கதவைப் பார்த்தேன். அவளுடைய கதவு.

வீட்டுக்கு வந்தபோது அவள் எங்கள் பின்னறையில் இருந்தாள். என்னடி இது, ஏன் என்று கைகளால் கேட்டேன். அங்கே உன்ர முகம் தெரியேல்லை என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுடைய விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. லைனைத் திரும்பச் சண்டை பிடித்து எடுப்போம், உன் வீட்டை விடாதே என்றேன். அவள் பேக்கிலிருந்து திறப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். உடைந்த பூட்டின் திறப்பு என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

பிறகு கம்பனியின் பெயரைச் சொன்னாள். குழாயைத் திருகினாள், இந்த முறை முழுக்க மூடும்வரை. மூடிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.