பொந்துக்குள் இருந்தவள்

பறவை பார்ப்பதெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் வேலை என்று ஊர் நினைத்திருந்த காலம். சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளி வாத்தியாரும், ஒரு கம்பவுண்டரும், சைக்கிள் கடை வைத்திருந்த நானும் ஞாயிறு தவறாமல் கொல்லிமலை ஏறினோம். "ஊட்டுக் கொல்லையில இல்லாத காக்காயா அங்க இருக்குது?" என்பாள் என் மனைவி. யாரும் எங்களை ஏவவில்லை. ஆசை, அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில் ஓர் இருவாச்சி ஜோடியைக் கவனித்து வந்தோம். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு முட்டையிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். உள்ளே அவளுக்கு இறகு உதிர்ந்துவிடும், பறக்க முடியாது.

ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால், மரத்தைச் சுற்றிக் காட்டை வெட்டிக் காயப்போட்டிருந்தது. எரித்துச் சாமை விதைக்கும் புனம். புனத்துக்காரி சட்டியில் தணலோடு நின்றாள். நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"ஒரு வாரம் பொறுங்கம்மா. உள்ளே குஞ்சு இருக்குது."

"மேக்கால பாருங்க, மழை கட்டுது. நனைஞ்சா எரியுமா? எரியலைன்னா எங்கீங்க வெதைக்கிறது? சாமிகிட்ட எடுத்த நெருப்பைத் திருப்பி ஊட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாதுங்க."

பொந்தை உடைத்து வெளியே எடுத்துவிடலாம் என்றார் வாத்தியார்.

"எடுத்து? உங்க மடியில வெச்சுக் கொஞ்சுவீங்களா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

"சண்டைய அப்புறம் போடுங்க சாமி," என்று அதட்டினாள் அவள். "மரத்தச் சுத்திச் சருகு, குச்சியெல்லாம் தள்ளுங்க. தணல் அவியற வரைக்கும் நிக்கிறேன்."

எங்களிடம் ஓர் அரிவாள்கூட இல்லை. வெறுங்கையால் பிடுங்கினோம், முள் கீறியது, கம்பவுண்டரின் வேட்டி கிழிந்தது. சட்டி மங்க மங்க அவள் ஊதி ஊதிக் காப்பாற்றினாள். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் பொறுக்காமல் தன் அரிவாளோடு அவளே இறங்கினாள்.

வட்டம் சுத்தமானதும் தீ வைத்தாள். காற்று திரும்பி, நெருப்பு நேராக மரத்தைப் பார்த்து ஓடிவந்தது. நால்வரும் பச்சைத் தழையால் அடித்தோம். புகையில் மரமே மறைந்துபோனது. பொந்துக்குள் இருந்தவள் வெந்தே போயிருப்பாள் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். தீ எங்கள் வட்டத்தின் விளிம்பில் நின்றது. அதற்குள் மழை கொட்டியது. புனத்தில் பாதி எரியாமலே நனைந்தது.

மழை விட்டதும் ஆண் வந்து கீறலருகே பழத்தை நீட்டியது. உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. மறுபடி நீட்டியது. அலகு நுனி வெளியே வந்து பழத்தை வாங்கிக்கொண்டது.

புனத்துக்காரி நனைந்த பாதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாதிச் சாமைதாங்க இந்த வருசம். அவளாவது வயிறு நெறயத் திங்கட்டும்."

காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் காக்கா பாக்க வாரப்ப அருவாளோட வாங்க."