திருப்பிச் சொல்லாத விமானி

விமானிகளோடு வானொலியில் பேசவேண்டும் என்பது என் ஆசை. கிடைத்ததோ, பேசியதை எழுதுகிற வேலை. மலாக்கா டவுனுக்கு வெளியே ஒற்றை ஓடுதளம், ஓரத்தில் பலகையால் கட்டிய கோபுரம். பெயர்தான் கோபுரம், பதினான்கு படி ஏறினால் உச்சி வந்துவிடும். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு ஆங்கிலேயர் போரிட்ட அவசரகாலம் ஆகையால் அந்தச் சின்ன இடத்துக்கும் ஓய்வில்லை. காட்டின்மேல் 'சரணடையுங்கள்' என்ற துண்டறிக்கை போடப் போகும் சிறு விமானங்கள் காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பும். ஆங்கிலப் பள்ளியை முடித்த கையோடு அங்கே குறிப்பேடு எழுதப் போனேன்.

மைக்கைப் பிடித்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தேவாலயப் பள்ளியில் படித்து மேலே வந்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த வெள்ளைக்கார விமானி பசி வந்தால் எரிந்து விழுவான், எல்லாம் அவருக்கு அத்துப்படி.

எங்கள் வேலையின் உயிர் ஒரே விதியில் இருந்தது. கோபுரம் உத்தரவு சொன்னால் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். 'கேட்டது' என்று பொருள்படும் வெறும் 'ரோஜர்' போதாது. திருப்பிச் சொல்லாவிட்டால் விடாமல் கேட்டு வாங்கவேண்டியது கோபுரத்தின் பொறுப்பு. குறிப்பேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. திருப்பிச் சொன்னதும் நான் டிக் போடவேண்டும்.

நான் அந்த டிக்கை முன்கூட்டியே போட்டுவிடுவேன். எப்படியும் சொல்லத்தானே போகிறார்கள்! என் பேனா அவர்கள் வாயை முந்துவதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஐந்து பெண்கள் ஓடுதளத்தின் கோடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். விமானம் ஒன்று நெருங்கியது. "ஓடுதளத்தில் ஆட்கள். இறங்கவேண்டாம். வட்டமடித்துக் காத்திருங்கள்" என்று அண்ணன் ஆங்கிலத்தில் சொன்னார்.

"ரோஜர்."

அவ்வளவுதான் பதில். அண்ணனின் கட்டைவிரல் மைக் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. கட்டத்தில் என் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

விமானம் வட்டமடிக்கவில்லை, நேரே இறங்கியது. அண்ணன் ஜன்னல் வழியாகச் சிவப்பு எச்சரிக்கை ஒளிவெடியைச் சுட்டார். பெண்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். விமானி கடைசி நொடியில் திருப்பியதில் ஒரு சக்கரம் வடிகாலில் இறங்கி நின்றது. மூக்கில் ரத்தத்தோடு வெளியே குதித்தவர் முதலில் கேட்டது, "அந்தப் பெண்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்பதுதான். ஓடும்போது விழுந்த ஓர் அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே இறங்கி ஓடிவந்த என்னிடம் அவர் கேட்டார்:

"ஏன் தம்பி, புல்லு வெட்ட ஏரோப்ளேனே வருதுன்னா எங்கள எதுக்கு லாரில ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

விசாரணைக்குக் கோலாலம்பூரிலிருந்து அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. தவறு கோபுரத்தின்மேல் விழுந்தால் அண்ணனின் வேலை போய்விடும். அன்று மாலை காப்பிக்கடையில் அவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே திருப்பிக் கேக்கல?"

"எங்கப்பா ஒருவாட்டி தொரைகிட்ட 'என்னங்க சொன்னீங்க'ன்னு கேட்டுட்டாரு. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல அத்தன பேரு முன்னாடியும் செவிடான்னு கேட்டு அடிச்சான். அதுலருந்து வீட்ல ஒரே பாடம். தொரை சொன்னா தலையாட்டு. வெளங்கலன்னா அப்புறமா கங்காணிகிட்ட கேட்டுக்க."

"ஆகாசத்துல கங்காணி ஏதுண்ணே?"

"அதான்லா."

"நோட்டுல டிக் இருக்குண்ணே" என்றேன்.

"பார்த்தேன்" என்றவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

விசாரணையில் அதிகாரி குறிப்பேட்டை விமானியிடம் நீட்டினார். விமானி அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "எனக்கு நினைவில்லை. அன்றைக்கு அது இரண்டாவது பயணம், களைத்திருந்தேன். திருப்பிச் சொன்னதாக எழுதியிருக்கிறதே. அப்படியானால் உத்தரவு தெரிந்தும் இறங்கியிருக்கிறேன். தவறு என்னுடையது" என்றார்.

அவர் எதிர்த்து வாதாடியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். என் ஒரு டிக்கை நம்பி அந்த மனிதர் தன்னையே சந்தேகப்பட்டதைத் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். "சார், அந்த டிக் நான் முன்னாலேயே போட்டது. அவர் ரோஜர் மட்டும்தான் சொன்னார்."

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "ஏன் திருப்பிக் கேட்கவில்லை?"

பதில் விமானியிடமிருந்து வந்தது. "போன வாரம் இவர் அப்படிக் கேட்டபோது, உனக்கு ஆங்கிலம் தெரியாதா என்று கத்தினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

விமானிக்கு எழுத்துமூலம் கண்டனம். அண்ணனுக்கு மூன்று மாதம் மைக் கிடையாது. பிறகு பரீட்சை, தேறினால் வேலை நிலைக்கும். என்னைத் துண்டறிக்கைகளைக் கட்டாகக் கட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

தங்கா பத்து என்ற ஊருக்குப் போகும் சாலையில் இருவரும் சைக்கிளில் திரும்பினோம். பாதி வழியில் அவர் சைக்கிளை என் பக்கமாக ஒட்டி ஓட்டினார்.

"உண்மைய நானே சொல்லலாம்னு எந்திரிக்கப் போனேன்டா. நீ முந்திக்கிட்ட."

"மன்னிச்சிருங்கண்ணே."

"மன்னிப்பு கெடக்கட்டும். பாடமெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில ஒரு தொரை கத்துனா வெரல் மறுபடி பொத்தான அமுக்காதேன்னுதான் பயம். தெனம் வீட்டுக்குப் போறவரைக்கும் நீதான் தொரை. கத்து. எவ்ளோ கத்துனாலும் நான் திருப்பிக் கேக்கணும்."

பள்ளிக்கூடத்தில் கேட்டது, கோபுரத்தில் கேட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கில வசவையெல்லாம் சேர்த்து மூச்சுவிடாமல் கத்தினேன். எதிரே வந்த மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கியே விட்டார்.

"நீ சிரிக்கிற" என்றார் அண்ணன். "தொரை சிரிக்க மாட்டான். மொதல்லருந்து ஆரம்பி."